தொட்டி மண்ணுக்கு நாங்கள் இட்ட உரம்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு)

மலர்களை விரும்பாதார் உண்டோ? எங்கள் பள்ளிக்கு அருகிலேயே பூவைப் பெயரில் தாங்கிய ஊர் ஒன்று இருக்கிறது. பூவிருந்தவல்லி என்பதே பேச்சு வழக்கில் பூந்தமல்லி ஆயிற்று. அவ்வூரில் பிறந்த திருக்கச்சி நம்பிகள் என்னும் வைணவப் பெரியார் அங்கே நந்தவனம் வைத்து, மாலை கட்டிக் காஞ்சிபுரம் வரதராசர் கோயிலுக்கு எடுத்துச் சென்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இன்றோ அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எங்கு பார்த்தாலும் வீட்டைச் சுற்றிச் சிமெண்டுத் தரைதான். பூச்செடி வேண்டுமென்றால் தொட்டியில்தான் வைக்க வேண்டும். தொட்டியையும் சன்னலோரத்திலோ வராந்தாவிலோ கூடத்திலோதான் வைக்க முடிகிறது.

அப்படி உள்ளே வளரும் பூச்செடிகளின் மண்ணில் எதைச் சேர்க்கலாம், எதை எப்போது சேர்க்கக் கூடாது என்பதைப் பற்றி எழுத முன்வந்துள்ளோம். புத்தகத்தில் படித்துக் கற்றதைவிடச் செடிகளைக் கெடுத்துக் கற்றதே மிகுதி என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

எங்கள் மாடி வராந்தாவில் பத்துத் தொட்டிகள் இருந்தன. நான்கு பீஸ் லில்லி, இரண்டு ஆந்தூரியம், இரண்டு பிகோனியா, காலை வெயில் விழும் கோடியில் இரண்டு இட்லிப்பூச் செடிகள். இவற்றைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வந்த சிஸ்டர் சென்ற ஜூன் மாதம் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார்கள். போகும்போது தொட்டிகளை எங்கள் வகுப்பிடம் ஒப்படைத்தார்கள். மூத்த லில்லிச் செடி, அவர்கள் துறவறப் பயிற்சி பெற்ற இல்லத்திலிருந்து ஒரு பக்கக்கன்றாகக் கொண்டுவந்தது. மற்ற மூன்றும் அதன் பிள்ளைகள். உயிர்த்த ஞாயிறன்று ஆலயப் பீடத்தில் வைக்கும் வெள்ளைப் பூக்களில் சில ஆண்டுதோறும் அந்தச் செடியில் பூத்தவையே. "தண்ணீர் அளவாக ஊற்றுங்கள், வேறொன்றும் வேண்டாம்" என்பதே சிஸ்டர் சொன்ன ஒரே அறிவுரை.

நாங்கள் கேட்டோமா? ஜூலை மாதம் புதுத் தொட்டிகள் வந்தன. புதுக் கட்டடத்தின் பின்புறம் குவிந்திருந்த மண்ணை அள்ளி அவற்றை நிரப்பினோம். பிறகு ஆளுக்கொன்று கொண்டுவந்தோம். ஒருத்தி முட்டை ஓட்டை அம்மியில் பொடித்துக் கொணர்ந்தாள். இன்னொருத்தி தெருவில் இஸ்திரி போடும் அண்ணாச்சியிடம் கரிச்சாம்பல் வாங்கி வந்தாள். எண்ணெய்ச் செக்கிலிருந்து கடலைப் புண்ணாக்கு வந்தது. திருவள்ளூர்ப் பக்கம் நிலம் வைத்திருக்கும் ஒரு தாத்தா வீட்டிலிருந்து யூரியா ஒரு டப்பா வந்தது. போதாதென்று ஒரு நாற்றுப் பண்ணையில் 'பூப்பூக்கும் மருந்து' என்று ஒரு பொட்டலமும் வாங்கினோம். அதில் என்ன இருக்கிறதென்று உறையில் எழுதியிருக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் எல்லாத் தொட்டியிலும் இட்டோம். சிஸ்டர் ஆண்டு விழாவுக்கு வரும்போது வராந்தா முழுதும் பூவாக இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.

ஒரு வாரத்தில் நாற்றம் கிளம்பியது. புண்ணாக்கில் வெள்ளைப் பூஞ்சையும், அதன்மேல் எறும்புக் கூட்டமும், அடியில் புழுக்களும் வந்தன. பெற்றோர் தினத்தன்று வந்திருந்த தாய்மார்கள் மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு வராந்தாவைக் கடந்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. லில்லி இலைகளின் நுனி பழுப்பாகிக் கருகியது. இட்லிப்பூச் செடியின் புதுத் தளிர்கள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தது. நாங்கள் என்ன செய்தோம்? சத்துக் குறைவு என்று எண்ணி இன்னும் கொஞ்சம் யூரியா போட்டோம்! ஆகஸ்டு முடிவதற்குள் இரண்டு பிகோனியா, இரண்டு லில்லி, ஓர் ஆந்தூரியம், ஓர் இட்லிப்பூ என ஆறு செடிகள் போயின. மூத்த லில்லியும் ஒருநாள் காலையில் தண்டு துவண்டு தொட்டியின் விளிம்பில் சாய்ந்து கிடந்தது.

பள்ளித் தோட்டக்காரத் தாத்தா வந்து தொட்டியைத் தலைகீழாகத் தட்டினார். மண் கட்டியாக விழுந்தது; அழுகிய முட்டை நாற்றம் வீசியது. வேர்கள் பழுப்பாகிக் குழைந்திருந்தன. "ஏம்மா, செடி உங்ககிட்ட சோறு கேட்டுச்சா? அது மூச்சு விட முடியலன்னுல்ல சொல்லுது" என்றார். அழுகியதையெல்லாம் அறுத்தெறிந்த பின் கட்டைவிரல் பருமனில் ஒரே ஒரு பக்கக்கன்று, இரண்டு வெள்ளை வேருடன் மிஞ்சியது. அதைக் கழுவி, வெறும் மணலில் நட்டுத் தந்தார். ஏன் இப்படி ஆயிற்று என்பதை அறிவியல் ஆசிரியையின் உதவியோடு ஒவ்வொன்றாகத் தேடினோம்.

முதலில் ஒரு பழைய கதை. பெல்ஜிய நாட்டைச் சேர்ந்த வான் ஹெல்மான்ட் என்ற அறிஞர் 200 பவுண்டு உலர்ந்த மண்ணைத் தொட்டியிலிட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். ஐந்தாண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் ஏறக்குறைய 169 பவுண்டு ஆயிற்று. மண்ணோ சுமார் 2 அவுன்சு மட்டுமே குறைந்திருந்தது. 1648-இல் இந்தச் சோதனை அச்சில் வெளிவந்தது. மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டியது தவறு; காற்றிலுள்ள கரியமில வாயுவின் பங்கு அப்போது தெரியாது. ஆயினும் மண்ணிலிருந்து செடி எடுப்பது எவ்வளவு சிறிய அளவு என்பதை அந்த 2 அவுன்சு காட்டிவிடுகிறது. ஐந்தாண்டுகளில் ஒரு மரம் எடுத்தது அவ்வளவுதான். நாங்கள் ஒரு சிறு லில்லிச் செடிக்கு ஒரே மாதத்தில் அதைவிட அதிகமாகக் கொட்டியிருக்கிறோம்.

கொட்டினால் என்ன ஆகும்? சவ்வூடு பரவலை எல்லோரும் படித்திருக்கிறோம். உலர்திராட்சையை நீரிலிட்டால் உப்பும்; உப்புக் கரைசலில் இட்ட உருளைக்கிழங்குத் துண்டு சுருங்கும். வேருக்கு வெளியே உள்ள நீரில் உப்பு மிகுந்தால் வேர் நீரை உறிஞ்ச முடியாது. உள்ளே இருக்கும் நீரும் வெளியேறும். மண் ஈரமாக இருக்கும்போதே செடி தாகத்தால் வாடும். இலை நுனி கருகுவது அதனால்தான். வீட்டுத் தொட்டிகளின் விளிம்பில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தால் அது உரத்தின் உப்பும் ஆழ்குழாய்க் கிணற்று நீரின் உப்பும்தான். நிலத்தில் என்றால் மழை இந்த உப்பைக் கழுவிக்கொண்டு போய்விடும். கூரைக்குக் கீழே இருக்கும் தொட்டிக்கு ஏது மழை? ஆகவே மாதம் ஒரு முறை, அடித்துளை வழியாகத் தாராளமாக வழியும்வரை நல்ல நீர் ஊற்றி வடித்துவிட வேண்டும். மழைக்காலத்தில் ஒரு வாளி மழைநீர் பிடித்து ஊற்றினால் அதைவிட நல்லது இல்லை.

யூரியாவின் கணக்கையும் பார்த்தோம். அதில் 46 விழுக்காடு தழைச்சத்து இருக்கிறது. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் யூரியாவில் 2.3 கிராம் தழைச்சத்து. அதே அளவு தழைச்சத்தை 1.5 விழுக்காடு கொண்ட மண்புழு உரத்திலிருந்து பெற வேண்டுமானால் சுமார் 150 கிராம் இட வேண்டும். அதுவும் மெல்ல மெல்லத்தான் வெளிப்படும். மேலும் யூரியா மண்ணிலுள்ள நுண்ணுயிர்களின் நொதியால் அம்மோனியாவாகிறது. காரத்தன்மையுள்ள மண்ணில் அது வாயுவாகக் கிளம்பி இளவேரைச் சுட்டுவிடும். வயலுக்கு யூரியா உதவும். தொட்டிக்குள், அதுவும் தேக்கரண்டிக் கணக்கில், அது வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் துணிபு.

எங்கள் மண் காரத்தன்மை உள்ளது என்பது எப்படித் தெரிந்தது? இதுதான் எங்களுக்கு மிகவும் வியப்பூட்டிய பகுதி. ஆய்வகத்தில் ஒரு பிடி மண்ணைக் கண்ணாடிக் கிண்ணத்திலிட்டு, ஆசிரியை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சில துளிகள் விட்டார்கள். மண் சோடாவைப்போல் நுரைத்துப் பொங்கியது! கால்சியம் கார்பனேட்டுடன் அமிலம் சேர்ந்து கரியமில வாயு வெளிவருவதைப் பாடத்தில் எத்தனை முறை எழுதியிருப்போம்; எங்கள் தொட்டிக்குள் அது இருக்குமென்று தோன்றவில்லை. கட்டடத்தின் பின்புறம் நாங்கள் அள்ளியது இடிபாடும் காரைத்தூளும் சுண்ணாம்பும் கலந்த மண். பி.எச். தாளில் நிறம் 8-ஐத் தாண்டியது. பெரும்பாலான பூச்செடிகள் விரும்புவது 6-க்கும் 7-க்கும் இடைப்பட்ட அளவு. வீட்டில் அமிலம் இல்லாதவர்கள் கொஞ்சம் காடியை ஊற்றிப் பார்க்கலாம். நுரைத்தால் அந்த மண்ணைத் தொட்டியில் இட வேண்டாம்.

இட்லிப்பூச் செடி ஏன் மஞ்சளாயிற்று என்பதற்கும் இங்கேயே விடை கிடைத்தது. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. காரத்தன்மை மிகுந்தால் இரும்பு கரையாத நிலைக்குப் போய்விடுகிறது. வேருக்குப் பக்கத்திலேயே இருந்தும் கைக்கு எட்டுவதில்லை. பச்சையம் உருவாக இரும்பு வேண்டும். ஆகவே தளிர் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. இதே மஞ்சள் தளிரில் இல்லாமல் அடியிலுள்ள முதிர்ந்த இலைகளில் தோன்றினால் குறைவது மக்னீசியமாக இருக்கலாம். பச்சைய மூலக்கூற்றின் நடுவில் இருப்பது மக்னீசிய அணு. செடி அதை முதிர்ந்த இலையிலிருந்து எடுத்துத் தளிருக்குக் கொடுத்துவிடும்; இரும்பை அவ்வாறு இடம் மாற்ற அதனால் இயலாது. எந்த இலை மஞ்சளாகிறது என்று பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். எல்லா மஞ்சளுக்கும் எப்சம் உப்பு போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது நாங்கள் சேர்த்தவற்றை எண்ணிப் பாருங்கள். முட்டை ஓடு கால்சியம் கார்பனேட். மண்ணில் ஏற்கெனவே நிறைந்திருந்ததும் அதுவே. அமில மண்ணில் முட்டை ஓடு மெல்லக் கரைந்து பயன்தரும். கார மண்ணில் கரையாமல் அப்படியே கிடக்கும். சாம்பலில் சாம்பல்சத்து உண்டு என்பது மெய்தான், ஆனால் அதுவும் காரம். அழுகிற பிள்ளைக்கு மிளகாய் கொடுத்தது போல் ஆயிற்று.

பிழைத்த இட்லிப்பூச் செடிக்கு மண்ணை மாற்றியதோடு, நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி வாங்கி, லிட்டருக்கு 2 கிராம் கரைத்து மாலை வேளையில் தெளித்தோம். அன்னபேதி என்பது இரும்பு சல்பேட்டு. பச்சை நிறப் படிகம். மூன்று வாரத்தில் புதுத் தளிர்கள் பச்சையாக வந்தன. வராந்தாவின் மொசைக் தரையில் துருக்கறையும் வந்தது. அதைப் பற்றி ஆயாம்மா இன்றுவரை எங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்தது மூச்சு. நல்ல மண்ணில் ஏறக்குறையப் பாதிதான் திடப்பொருள். மீதிப் பாதியில் நீரும் காற்றும் இருக்க வேண்டும். களிமண் தொட்டியில் காற்றுக்கு இடமில்லை, வேர் அழுகுகிறது. அடியில் சரளைக் கற்களைப் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று நாங்களும் நம்பியிருந்தோம். அது சரியன்று. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கல்லிடுக்குக்கு நீர் எளிதில் இறங்காது; மேல் மண் முழுதும் நனைந்த பிறகே சொட்டும். ஆகவே கல் பரப்பினால் ஈரம் தேங்கும் பகுதி வேருக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது. மண் வெளியேறாதபடி துளையின்மேல் ஒரு ஓட்டாஞ்சில்லு போதும். மாற்ற வேண்டியது கலவை முழுவதையும்தான்.

இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே கிடைக்கும் அருமையான பொருள் தென்னை நார்க்கழிவு. கயிறு திரிக்கும் ஊர்களில் மலைமலையாகக் குவிந்து கிடந்த இக்கழிவு இன்று 5 கிலோக் கட்டிகளாக அழுத்தப்பட்டு அயல்நாடுகளுக்குக்கூடப் போகிறது. தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்துக்கொண்டும் காற்றுக்கு இடம் விடும். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. உப்பு நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்ததில் உப்பு இருக்கும்; பழுப்பு நீர் தெளியும்வரை மூன்று நான்கு முறை ஊறவைத்துப் பிழிய வேண்டும். இரண்டாவது நுட்பமானது. மட்காத நார்க்கழிவில் தழைச்சத்து 1 பங்கு என்றால் கரிமம் சுமார் 112 பங்கு. அதை உண்ண வரும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்வதால் செடி பட்டினி கிடக்கும். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் இதற்கு ஒரு வழி கண்டனர். ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு, ஈரம் காயாமல் மட்கவைத்தால் அந்த 112 என்பது 24 அளவுக்குக் குறைந்துவிடுகிறது. மட்கிய நார்க்கழிவு கறுப்பாக, மண்வாசனையோடு இருக்கும். யூரியாவுக்கு இங்கே நல்ல வேலை கிடைத்திருப்பதைக் கவனித்தீர்களா!

மண்புழு உரத்தைப் பற்றி எங்கள் முன்னோடி மாணவியர் எழுதியிருப்பார்கள், சுருக்கமாகச் சொல்கிறோம். மண்புழுவின் வேலையைப் பற்றி டார்வின் 1881-இல் ஒரு தனி நூலே வெளியிட்டார். நம் சென்னையில் புதுக்கல்லூரிப் பேராசிரியராக இருந்த சுல்தான் அகமது இஸ்மாயில் அவர்கள் வெளிநாட்டுப் புழுக்களை நாடாமல் உள்ளூர் மண்புழுக்களைக் கொண்டே உரம் தயாரிக்கலாம் என்பதைப் பரப்பியவர். வாங்கும்போது கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். காப்பித்தூள் போல உதிர வேண்டும், நாற்றமடிக்கக் கூடாது.

கடலைப் புண்ணாக்கில் 7 விழுக்காடு அளவுக்குத் தழைச்சத்து இருக்கிறது. குற்றம் அதன்மேல் இல்லை, நாங்கள் இட்ட முறையில்தான். ஒரு கைப்பிடியைத் துணியில் கட்டி ஒரு வாளி நீரில் மூன்று நாள் ஊறவைத்து, தெளிந்த நீரைப் பத்து மடங்கு நீர் சேர்த்து ஊற்றினால் புழுவும் வராது, பெற்றோரும் ஓட மாட்டார்கள். கூடத்தில் வைக்கும் செடிக்கு அதுவும் வேண்டாம், வேப்பம்புண்ணாக்கே ஏற்றது. அதில் தழைச்சத்து 5 விழுக்காடு அளவில் இருப்பதோடு, மண்ணில் அது மெதுவாக மாறும்படி தடுக்கும் குணமும் உண்டு, வேர்ப்புழுவையும் அடக்கும்.

பலவற்றில் எது குறைவோ அதுவே வளர்ச்சியை நிறுத்தும் என்பதை ஷ்ப்ரெங்கல், லீபிக் என்னும் ஜெர்மானிய அறிஞர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கூறினர். இட்லி மாவுக்கு உளுந்து போதாமல் போனால் அரிசியை இரண்டு படி கூட்டியா சரிசெய்வோம்? உள்ளே வளரும் செடிகளுக்குப் பெரும்பாலும் குறைவது உரமன்று, வெளிச்சம். தழைச்சத்து மிகுந்து வெளிச்சம் குறைந்தால் இலை வளரும், பூ வராது. இன்னொன்றும் அறிந்தோம். பண்ணைகளில் பீஸ் லில்லியைப் பருவமின்றிப் பூக்கவைக்க ஜிப்ரெல்லிக் அமிலம் தெளிப்பதுண்டு. 1926-இல் ஜப்பானிய அறிஞர் குரோசாவா நெற்பயிர் நோயை ஆராயும்போது தடம் கண்ட அதே ஹார்மோன்தான். கடையில் பூவோடு வாங்கி வந்த செடி வீட்டில் ஓராண்டு பூக்கவில்லை என்றால் மண்ணைக் குறை சொல்லி உரத்தைக் கொட்ட வேண்டாம்.

நாங்கள் இப்போது பயன்படுத்தும் கலவை இது: செம்மண் ஒரு பங்கு, கழுவி மட்கிய நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு, தூசி சலித்த பருமணல் அரைப் பங்கு. எட்டு அங்குலத் தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. ஆந்தூரியத்துக்கு மட்டும் மண்ணே கிடையாது. தேங்காய் மட்டைத் துண்டு, அடுப்புக்கரி, செங்கல் சில்லு ஆகியவற்றில் வைத்திருக்கிறோம். மண்புழு உரத்தை இரண்டு மாதத்திற்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி தூவிக் கிளறிவிடுகிறோம். விரலை ஒரு கணு ஆழம் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால்தான் தண்ணீர். (சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டார் பீஸ் லில்லி, ஆந்தூரியம் இரண்டையும் எட்டாத இடத்தில் வைக்கவும், அவற்றின் இலையைக் கடித்தால் வாயும் நாவும் எரிந்து வீங்கும்.)

சிஸ்டருக்குக் கடிதம் எழுதுவதை இரண்டு மாதம் தள்ளிப்போட்டோம். கடைசியில் நடந்ததை மறைக்காமல் எழுதி, எல்லோரும் கையொப்பமிட்டு அனுப்பினோம். திட்டு வருமென்று காத்திருந்தோம். ஓர் அஞ்சலட்டை வந்தது. அதில் பக்கக்கன்றின் புது இலை விரியும்போது என்ன நிறம், நரம்புக்கு இடையில் மஞ்சள் தெரிகிறதா, தொட்டி எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்று மூன்று கேள்விகள் மட்டும் இருந்தன.

இதை எழுதும்போது அந்தக் கன்றில் மூன்று இலைகள். மூன்றாவது நேற்றுத்தான் விரிந்தது, முழுவதும் பச்சை. தொட்டி கிழக்குப் பார்த்த சன்னலின் கீழே, துருக்கறைக்கு மேலேயே இருக்கிறது. பூ இந்த ஆண்டு வராது. அடுத்த ஆண்டு நாங்கள் பதினோராம் வகுப்புக்குப் போய்விடுவோம். சாவியோடு தண்ணீர் ஊற்றும் முறைப்பட்டியலையும் ஒன்பதாம் வகுப்பு மாணவியரிடம் கொடுத்திருக்கிறோம். யூரியா டப்பாவைத் தாத்தா வீட்டுக்கே திருப்பி அனுப்பியாயிற்று.